ஏரி எந்த ஃபோல்டர்ல வரும்?

ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் வீடியோ ஒண்ணு அனுப்பிச்சான். "அக்கா, கண்டிப்பா பாருங்க. வாழ்க்கையில இருக்குற எல்லாக் குறிப்பையும் நாலே நாலு ஃபோல்டர்ல அடக்கிடலாம்."

பாத்தேன். (ஒன்றரை மடங்கு வேகத்துல வெச்சு. அப்பவும் நீளம்தான்.)

தியாகோ ஃபோர்ட்டேன்னு ஒருத்தர் சொல்ற முறை. பேரு 'பாரா'. ப்ராஜெக்ட், ஏரியா, ரிசோர்ஸ், ஆர்கைவ். முடிக்க வேண்டிய வேலைக்கு ஒரு ஃபோல்டர். எப்பவும் கவனிச்சுக்க வேண்டிய பொறுப்புக்கு இன்னொண்ணு. பின்னாடி உதவும்னு சேத்து வெக்கிறது மூணாவது. முடிஞ்சதெல்லாம் நாலாவது.

நல்ல முறைதான். ஒரு வேலையை ஆரம்பிச்சு, முடிச்சு, அடுத்ததுக்குப் போறவங்களுக்கு.

எனக்கு இருக்குறது ஒரே கேள்வி. எங்க ஊர் ஏரி எந்த ஃபோல்டர்ல வரும்?

(ஏரி 'ஏரியா'வுல வரும்னு கடி ஜோக் அடிக்க வேணாம். அவனே அடிச்சுட்டான்.)

நான் பழவேற்காட்டுக்காரி. நைனா (அப்பாவைத்தான் அப்படிக் கூப்பிடுவோம்) ஏரியில மீன் தொழில் பண்றவர். நான் சென்னையில சர்வர் பாக்குற வேலை. வாரக் கடைசியில பொன்னேரி வந்து பஸ் மாறி ஊருக்குப் போவேன். அதனால என் குறிப்புல ஒரு பக்கம் லினக்ஸ் கமாண்டு இருக்கும், அடுத்த பக்கம் வலையோட கண்ணி அளவு இருக்கும். ரெண்டும் எனக்கு வேணும். ரெண்டும் ஒரே மூளையிலதான் கெடக்கு.

இப்போ 'முகத்துவாரம்'னு என்கிட்ட ஒரு பக்கம் இருக்கு. ஏரியும் கடலும் சேர்ற வாய் அது. மண்ணு சேந்து சேந்து குறுகும். கோடையில அடைச்சே போறதும் உண்டு. அடைச்சா கடல்ல இருந்து இறால் குஞ்சும் மீன் குஞ்சும் உள்ள வராது, போட்டு வெளிய போவாது. வடகிழக்குப் பருவமழையில ஆரணியாறும் காளங்கியும் தண்ணி கொண்டாந்து தள்ளுனா மறுபடியும் வழி விடும். தூர் வாரணும், நிரந்தரமா வழி பண்ணித் தரணும்னு ஊர் வருஷக்கணக்கா கேட்டிருக்கு.

இது முடிக்க வேண்டிய வேலையா? யாரு முடிக்கிறது? பொறுப்பா? யாரோட பொறுப்பு? முடிஞ்ச கதையா? அடுத்த கோடையில மறுபடியும் ஆரம்பிக்குமே!

அதான் சொல்றேன். ஃபோல்டர் போட்டு வெக்கிறவன் மொதல்ல உலகத்தை வெட்டணும். எங்க ஏரி வெட்டுனா நிக்காது. முக்காவாசிக்கு மேல ஆந்திராவுல இருக்கு, மிச்சம் தமிழ்நாட்டுல இருக்கு. பாதி வருஷம் உப்பு, மழை பெஞ்சா கிட்டத்தட்ட நல்ல தண்ணி, சித்திரை வைகாசியில கடலை விடவே உப்பு. பக்கிங்ஹாம் கால்வாய் வேற ஊடால போகுது.

சரி, நான் என்ன பண்றேன்னு சொல்றேன்.

எல்லாரும் வர்ற வழியிலதான் நானும் வந்தேன். நோட்டு. அப்புறம் போன்ல குறிப்பு ஆப். அப்புறம் வாட்ஸாப்ல எனக்கு நானே மெசேஜ். (2022 கடைசியில அந்த வசதிய அவங்களே குடுத்துட்டாங்க. அதுக்கு முன்னாடி நம்ம ஜனம் ஒரே ஒரு ஆள் இருக்குற குரூப் வெச்சிருந்துச்சு. நீங்களும் வெச்சிருந்தீங்க, பொய் சொல்லாதீங்க.) வாட்ஸாப்ல போடறது சுலபம். எடுக்கறதுதான்... "போன தடவை வலைக்கு வாங்குன நூல் எத்தினியாம் நம்பர்?"னு நைனா கேப்பார். நான் மேல தள்ளிக்கிட்டே போவேன். நூல் நம்பர் வராது. எவனோ அனுப்பின காலை வணக்கம் ரோஜாப் பூ வரும்.

விக்கிக்கு வந்ததுக்குக் காரணம் ஒரே ஒரு சமாச்சாரம். இல்லாத பக்கத்துக்கும் இணைப்பு குடுக்கலாம்.

இது சின்ன விஷயம் இல்லைங்க. வார்டு கன்னிங்ஹாம்னு ஒரு புரோகிராமர், 1995 மார்ச் 25ல மொத விக்கியத் திறந்து விட்டார். ஹொனலூலு ஏர்போர்ட்டுல ஓடுற 'விக்கி விக்கி' பஸ்ஸுல இருந்து பேர எடுத்தார். புரோகிராமருங்க தங்களோட அனுபவத்த எழுதி வெக்கத்தான் அது. எழுதிக்கிட்டே போகும்போது ஒரு வார்த்தையை இணைப்பா மாத்தலாம். அந்தப் பக்கம் இன்னும் பொறக்கலைன்னாலும் பரவால்ல. தட்டுனா காலிப் பக்கம் தெறக்கும், எழுது. தெரியாதது எதுன்னு அதுவே உன் மூஞ்சிக்கு நேரா நிக்கும்.

இன்னொருத்தர் நிக்லாஸ் லூமன். ஜெர்மனியில சமூகவியல் வாத்தியார், 1998ல செத்துப் போனார். கம்ப்யூட்டரே இல்லாம மரப்பொட்டியில 90,000 சீட்டு வெச்சிருந்தவர். அவரும் 'மதம்', 'சட்டம்', 'பொருளாதாரம்'னு ஒழுங்கா பிரிச்சு அடுக்கல. ஒரு சீட்டுக்கு நம்பர் போடுவார், அது கிளம்பி வந்த எடத்துக்குப் பின்னாடி சொருகுவார், வேற சீட்டோட நம்பர இதுல எழுதுவார். அவ்ளோதான். அதை வெச்சுக்கிட்டுப் புத்தகமா எழுதித் தள்ளினார். (நான் எழுதினது இந்தப் பதிவு. ஒப்பிட வேணாம்.)

எந்த மென்பொருள்னு கேப்பீங்க. டிட்லிவிக்கி ஒண்ணு இருக்கு, ஜெரமி ரஸ்டன் 2004ல செஞ்சது, மொத்த விக்கியும் ஒரே ஒரு ஹெச்.டி.எம்.எல் ஃபைல். அழகான யோசனை. டோக்குவிக்கி இருக்கு, விம்விக்கி இருக்கு, ஆப்சிடியன் இருக்கு. எதை வேணா எடுங்க. நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு: நாளைக்கு அந்த மென்பொருளே செத்துப் போனாலும், நோட்பேடுல தெறந்து படிக்க முடியணும். அதனால என்னோடது சாதா எழுத்து ஃபைல், மார்க்டவுன், ஒரே ஃபோல்டர். ஆமா, ஒண்ணே ஒண்ணு. உள்ள வேற ஃபோல்டர் எதுவும் கிடையாது.

இனிமேதான் நான் சொல்ல வந்த விஷயம்.

பக்கத்துக்குப் பேரு வெக்கிறது.

மொதல்ல நானும் பெரிய மனுஷி மாதிரி 'வெளிப்பொருத்தி இயந்திரம் - பராமரிப்பு'ன்னு வெச்சேன். (சிரிக்காதீங்க.) அந்தப் பேருல எங்க வீட்டுல எவனும் எதையும் கேக்க மாட்டான். இப்போ அந்தப் பக்கத்தோட பேரு: 'இன்ஜின் தண்ணி துப்பலைன்னா'.

சித்தப்பா ஒரு நாள் விடியக்காலம் போன் பண்ணார். "இன்னாம்மா, இன்ஜினு தண்ணி துப்ப மாட்டேங்குது, அன்னிக்கி இன்னாவோ எழுதி வெச்சியே?" அவரு வாயில இருந்து வந்த வார்த்தையையே அடிச்சேன். பக்கம் வந்துச்சு. போட்டுல மாட்டுற இன்ஜின்ல பின்பக்கம் ஒரு பொடி ஓட்டை இருக்கும், ஓடும்போது அதுல தண்ணி பீச்சணும். பீச்சலைன்னா இன்ஜின் சூடாவுது, ஒடனே நிறுத்து. மொதல்ல கீழ தண்ணி உறிஞ்சுற சல்லடைய பாரு, சேறோ பாசியோ அடைச்சிருக்கும். (எங்க ஏரி சராசரியா ஒரு மீட்டர் ஆழம்தான். இன்ஜினு சேத்தைத்தான் குடிக்கும்.) அது சுத்தமா இருந்தா பீச்சுற ஓட்டையில மெல்லிசு கம்பி விட்டுப் பாரு. அதுவும் சரின்னா பம்புக்குள்ள இருக்குற ரப்பர் இம்பெல்லர் தேஞ்சிருக்கும், மாத்தணும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணி விட்டு ஓட்டிக் கழுவணும், இல்லாட்டி உப்பு உள்ளயே காஞ்சு அடைக்கும்.

படிச்சுச் சொன்னேன். சல்லடையில பிளாஸ்டிக் கவர். எடுத்துப் போட்டார், வெச்சுட்டார். ஒரு நன்றி கூட சொல்லல. எனக்கு அன்னிக்கு முழுக்க சந்தோஷம்.

அதே முறைய ஆபீஸ் குறிப்புக்கும் கொண்டு போயிட்டேன். 'ஸ்டோரேஜ் மேனேஜ்மென்ட்'னு இருந்த பக்கம் இப்போ 'டிஸ்க் நெறஞ்சிருக்குன்னு சொல்லுது, ஆனா ஃபைலைக் காணோம்'. ராத்திரி ரெண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்துல அப்படித்தான நெனைப்போம்? விஷயம் என்னன்னா, பெரிய லாக் ஃபைல எவனாவது அழிச்சிருப்பான். அந்த ஃபைல தெறந்து வெச்சிருக்கிற புராசஸ் இன்னும் ஓடிட்டு இருக்கும். பேரு போயிடும், எடம் திரும்பி வராது. டி.எஃப் கமாண்டு நெறஞ்சிருக்குங்கும், டி.யூ இல்லங்கும். எல்.எஸ்.ஓ.எஃப் போட்டு எந்தப் புராசஸ்னு கண்டுபிடிச்சு, அத ரீஸ்டார்ட் பண்ணா எடம் வந்துடும்.

அந்தத் தம்பி கூட இப்போ இந்தப் பக்கத்தைத்தான் கேட்டு வாங்குறான். நாலு ஃபோல்டர் அவன்கிட்டயே இருக்கட்டும்.

'நிவாரணப் பணம் வரலைன்னா', 'ராக்கெட் விடுறாங்கன்னா', 'ஆயாவுக்கு மாத்திரை தீந்துட்டா'... எல்லாம் இந்த ஜாதிதான். (ராக்கெட் எதுக்குன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல இருக்குற தீவுதான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் கிளம்புற அன்னிக்குக் கடலுக்குப் போகாதேன்னு அறிவிப்பு வரும். 2023 ஜூலை 14, சந்திரயான்-3 போன அன்னிக்கு நாடே டிவி முன்னாடி. எங்களுக்கு டிவி தேவையில்ல, வாசல்ல நின்னாப் போதும்.) நிவாரணப் பக்கத்துல, ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நிவாரணம் 5,000ல இருந்து 8,000 ஆக்குறதா 2023ல அறிவிச்சது, எந்தெந்த அட்டையோட ஜெராக்ஸ் வேணும், எந்தக் கவுன்ட்டர்ல யார்கிட்ட பேசுனா வேலை நடக்கும்னு எல்லாம் இருக்கு. கடைசி வரிதான் ரொம்ப முக்கியம். அதை மட்டும் இங்க எழுத மாட்டேன்.

தமிழ்ல விக்கி வெச்சா தேடறதுல ஒரு தொல்லை இருக்கு. 'பழவேற்காடு'ன்னு தேடுனா 'பழவேற்காட்டுல'ன்னு எழுதின எடம் மாட்டாது. காடு, காட்டுல ஆயிடுதே. கம்ப்யூட்டருக்கு அது வேற வார்த்தை. இங்கிலீஷ்காரன் செஞ்ச தேடல் நம்ம வேற்றுமை உருபைப் பாத்து முழிக்குது. ரெண்டு வழி வெச்சிருக்கேன். தேடும்போது 'பழவேற்கா'ன்னு பாதியில நிறுத்துறது. எழுதும்போது இணைப்பா எழுதுறது: ரெட்டைச் சதுர அடைப்பு, உள்ள 'பழவேற்காடு', ஒரு நெட்டுக்கோடு, அப்புறம் 'பழவேற்காட்டுல'. பாக்க 'பழவேற்காட்டுல'ன்னு தெரியும், போறது 'பழவேற்காடு' பக்கத்துக்கு. விக்கிப்பீடியாவுலயும் இதே வழக்கம்தான்.

இதவிட மோசமானது கொடுவா மீன்.

'கொடுவா'ன்னு ஒரு பக்கம். பக்கத்துலயே 'கொடுவா'ன்னு இன்னொரு பக்கம். எழுத்து எழுத்தா பாத்தேன், ஒரே மாதிரி. ஒண்ணு தேடுனா இன்னொண்ணு வராது. என்னடா பேய் வேலைன்னு நோண்டிப் பாத்தா, 'கொ'வ யுனிகோடுல ரெண்டு விதமா எழுதலாம். ஒகரக் குறி ஒரே எழுத்தா இருக்கலாம், இல்ல கொம்பு தனி, கால் தனின்னு ரெண்டு எழுத்தாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒண்ணு, கம்ப்யூட்டருக்கு ரெண்டு. போன்ல ஒரு ஆப்ல இருந்து காப்பி பண்ணி ஒட்டுனப்போ ரெண்டாவது ரகம் உள்ள வந்திருக்கு. எல்லா ஃபைலையும் ஃபைல் பேரையும் என்.எஃப்.சி ங்கிற ஒரே வடிவத்துக்கு மாத்துற மாதிரி பைத்தான்ல பத்து வரி எழுதி, தெனம் ராத்திரி ஓட விட்டிருக்கேன். தமிழ்ல குறிப்பு வெக்கிற எல்லாரும் இத மொத நாளே பண்ணிடுங்க. கொடுவா, ஓரா, கோரைக்குப்பம்... எங்க ஊருல ஒகரம் ஓகாரம் இல்லாம நாலு வார்த்தை பேச முடியாது. (ஓராவுக்குப் பிரச்சினை இல்ல, அது தனி உயிரெழுத்து. வாய் சும்மா இருக்க மாட்டேங்குது.)

தேதி இன்னொரு கூத்து.

நாள் குறிப்பெல்லாம் வருஷம்-மாசம்-தேதின்னு பேரு வெக்கிறேன், தானா வரிசையில நிக்கும். ஆனா நைனாகிட்ட "பதினாலாந்தேதி என்ன பட்டுச்சு?"ன்னு கேட்டா தெரியாது. "அமாவாசை கழிச்சு மூணா நாளு"ன்னு கேட்டா காத்து எப்படி இருந்துச்சுங்கிற வரைக்கும் சொல்வார். அது பழக்கம் மட்டும் இல்ல, காரணம் இருக்கு. அமாவாசை, பௌர்ணமிய ஒட்டி ஓதம் பெருசா இருக்கும். முகத்துவாரத்துல தண்ணி வேகமா உள்ள ஏறும், வெளிய இறங்கும். இறால் அந்த ஓட்டத்தோட போகும் வரும். அஷ்டமி பக்கம் தண்ணி மந்தம். அப்போ நைனாவோட காலண்டர்தான் ஏரிக்குச் சரியான காலண்டர். அதனால ஒவ்வொரு நாள் பக்கத்துலயும் மொத வரி பிறை. பதினாலாந்தேதிய அக்டோபர்ல ஒரு மாதிரி, நவம்பர்ல வேற மாதிரி பாத்துக் குழம்பிட்டிருந்த எனக்கு, பிறையைப் போட்ட பிறகுதான் எழுதினதுக்கே அர்த்தம் வந்துச்சு.

இந்த மாதிரி எழுதி வெக்கிறது நான் கண்டுபிடிச்சது இல்ல. சென்னை ஊரூர் குப்பத்துல பாளையம்னு மூத்த மீனவர், காத்து, நீரோட்டம், அலை, மணல்னு கடலைக் கவனிச்சுக் குறிப்பெடுத்தவர். நித்யானந்த் ஜெயராமன் அதைப் பத்தி எழுதிருக்கார். தேடிப் படிங்க.

அப்புறம், எண். ஏரியோட பரப்பளவு 461 சதுர கிலோமீட்டர்னு ஒரு எடத்துல இருக்கும். இன்னொரு எடத்துல 720. இன்னொருத்தர் 250ல இருந்து 450 வரைக்கும், தண்ணி ஏத்த இறக்கத்தைப் பொறுத்துங்கிறார். ஆரம்பத்துல எது சரின்னு மண்டைய ஒடைச்சுக்கிட்டேன். இப்போ மூணையும் எழுதி, யாரு சொன்னது, எந்தக் காலத்துலன்னு பக்கத்துலயே போட்டுடறேன். மழைக்கு விரிஞ்சு வெயிலுக்குச் சுருங்குற தண்ணிக்கு ஒரே எண் எழுதறவனைத்தான் சந்தேகப்படணும்.

எழுதறதுன்னா டச்சுக்காரனைச் சொல்லாம முடியாது. 1613ல இங்க கெல்ட்ரியான்னு கோட்டை கட்டினான், 1690 வாக்குல தலைமையிடத்த நாகப்பட்டினத்துக்கு மாத்துற வரைக்கும் சோழமண்டலக் கரைக்கே இதான் அவனுக்குத் தலைநகரம். துணி வாங்கினான், அடிமைகளைக் கப்பல்ல ஏத்தினான், எல்லாத்தையும் கணக்கு எழுதினான். டச்சுக்காரன் கம்பெனியோட காகிதம் உலகம் பூரா சேத்து இரண்டரைக் கோடிப் பக்கம் மிஞ்சியிருக்கு. யுனெஸ்கோ 2003ல அதுக்குப் பட்டயமே குடுத்துச்சு. நிறைய எழுதறதும் நல்லது எழுதறதும் ஒண்ணு இல்லங்கிறதுக்கு எங்க ஊர்லயே சாட்சி இருக்கு. சரி, டச்சுக்காரன் போதும்.

நான் ரொம்ப நேரம் யோசிச்ச பக்கம் ஒண்ணுதான். 'பாடு'.

வெளியூர்க்காரங்களுக்காக: ஏரிக்குள்ள நல்லா இறால் படுற எடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் அங்கயே வலை கட்டினா அடிதடி. அதனால யாரு, எந்த எடத்துல, எந்த நாள்ல கட்டறதுன்னு ஊர் கூடி முறை வெக்கும். சீட்டு போட்டு வரிசை வரும். இன்னிக்கு நல்ல எடம் கெடைச்சவனுக்கு நாளைக்கு வேற எடம். அதுக்குப் பேரு பாடு. கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் இதுக்குப் பேர் போனது. செபாஸ்டியன் மேத்யூ 1991ல ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்புக்காக இதைப் பத்தி முழு அறிக்கையே எழுதினார். 2008ல சாரா கூல்தார்டுங்கிற ஆராய்ச்சியாளர், ஏரி கெட்டுப் போறப்போ இந்த முறை என்ன ஆவுதுன்னு கட்டுரை எழுதினார். ரெண்டும் என் விக்கியில இருக்கு.

எழுத உக்காந்தா கை ஓடுச்சு. எங்க ஊர் அறிவு, எவ்ளோ நியாயமான ஏற்பாடுன்னு பெருமையா நெஞ்சை நிமித்திக்கிட்டு ஒரு பத்தி. அதுல 'பாடு இல்லாதவங்க'ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. பழக்கதோஷத்துல இணைப்பாக்கிட்டேன்.

காலிப் பக்கம்.

ரொம்ப நாள் காலியாவே கெடந்துச்சு. 'பாடு'வைத் தெறக்கும்போதெல்லாம் அந்த நிறைவேறாத இணைப்பு வேற நிறத்துல நிக்கும். பாடு உரிமை பரம்பரையா மீன் தொழில் பண்ற சாதிக்கு, அதுலயும் ஆம்பளைக்கு. தண்ணியில உக்காந்து கையால இறால் தடவிப் பிடிக்கிற இருளர் பொம்பளைங்களுக்கு எந்தச் சீட்டுலயும் பேரு கிடையாது. வேற பொழப்பு இல்லாம பின்னாடி ஏரிக்கு வந்த மத்த சாதிக்காரங்களுக்கும் கிடையாது. அதுல சண்டை வந்திருக்கு, வெட்டுக்குத்து ஆயிருக்கு. எங்க வீட்டுல அதைப் பத்திப் பேசுனா நைனா பேச்சை மாத்துவார். ஃபோல்டர் போட்டு வெச்சிருந்தா 'பாரம்பரிய அறிவு'ன்னு ஒரு தலைப்புக்குள்ள அந்தப் பெருமைப் பத்தி நிம்மதியா தூங்கியிருக்கும். காலி இணைப்பு தூங்க விடல. இப்போ அந்தப் பக்கம் 'பாடு'வை விட நீளம்.

இன்னொரு பக்கமும் இருக்கு இதுல. யாரு பாடு எந்த நாள், எந்த எடத்துல என்ன ஆழம், எங்க சேறு எங்க மணல்... இதெல்லாம் எனக்குத் தெரியும். விக்கியில எழுதல. அது என் குறிப்பு இல்ல, ஊரோடது. ஃபைல்னு ஒண்ணு ஆயிட்டா அது எங்கயாவது போகும். பென்டிரைவ் தொலையும், போன் ரிப்பேருக்குப் போகும். 'எதையும் விடாம எழுது'ன்னு வீடியோவுல அடிச்சுச் சொல்றாங்களே, எல்லாத்தையும் எழுதற உரிமை அவங்களுக்கு எங்க இருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியல. (பாஸ்வேர்டும் விக்கியில கூடாது. அது வேற காரணம், அதுக்குத் தனி மென்பொருள் இருக்கு.)

நைனாவுக்கு இதுல நம்பிக்கை இருக்கான்னு கேட்டா, அரை நம்பிக்கை. "எழுதி வெச்சிக்கினா மறந்துடுவ"ங்கிறார். மடவை மீன் எப்போ வரும்னு போன வாரம் என்கிட்ட கேட்டு, நான் பக்கத்தைத் தெறக்கறதுக்குள்ள அவரே சொல்லிட்டார். சோதனை வெச்சாராம்.

கடைசியா, பேக்கப். கிட்ங்கிற மென்பொருள்ல போட்டு வெக்கிறவங்க தமிழ்ல ஃபைல் பேரு வெச்சா, மாத்தின ஃபைல் பட்டியல்ல பேருக்குப் பதிலா சாய்கோடும் நம்பருமா கொட்டும். பயப்பட வேணாம், ஃபைலுக்கு ஒண்ணும் ஆகல. கோர் டாட் கோட்பாத்னு ஒரு செட்டிங், அதை ஃபால்ஸ்னு வெச்சா தமிழ் தமிழாவே தெரியும்.

கார்புரேட்டர் பக்கம் இன்னும் காலியா இருக்கு. ஞாயித்துக்கிழமை சித்தப்பா இன்ஜினைக் கழட்டுறாராம். ஒவ்வொரு ஸ்க்ரூவா போட்டோ எடுக்கணும், அவரு வேகத்துக்கு என் போன் ஃபோகஸ் ஆகணும். பக்கத்துக்குப் பேரு மட்டும் முடிவாயிடுச்சு: 'ஸ்டார்ட் ஆவுது, ஆனா ஒடனே நின்னுடுது'.